வாயைப் பொத்திச் சிரித்த ஊர்

வல்லபராயர் ஆண்ட நாட்டில் எல்லாருக்கும் வாய் இருந்தது. அதைத் திறக்கத் தெரிந்தவள் ராணியின் தோழி குமுதவல்லி ஒருத்திதான். நீரோட்டம் பார்க்கும் சங்கரலிங்கருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

இளவரசனுக்குப் பால் மறக்கடிக்கும் சமயம். அவன் வளரப் புது மாளிகை, குடிக்கப் புதுக் கிணறு வேண்டும். சங்கரலிங்கர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு நடந்தார். கரட்டுப்பாளையத்தில் தேங்காய் எழுந்து நின்றது.

"இங்கேதான் மகாராஜா! கரும்புச்சாறு மாதிரித் தண்ணீர்!"

"தண்ணீர் இருப்பது தேங்காய்க்குத் தெரியும். நல்லதா கெட்டதா என்று தெரியுமா?" என்றாள் குமுதவல்லி.

"தோண்டுமுன் நீயே சொல்லேன், அம்மணி! தப்பாகச் சொன்னால் அவையை விட்டுப் போய்விட வேண்டும்" என்றார் சங்கரலிங்கர்.

ராஜா தலையாட்டிவிட்டார். ராஜாக்களுக்கு அது நன்றாக வரும்.

பூமிக்குள் எட்டிப் பார்க்கக் குமுதவல்லி என்ன எலியா? மறுநாள் ராஜா பரிவாரத்தோடு கரட்டுப்பாளையம் போனபோது, ஊர்க் கிணற்றடியில் விசாரித்தாள்.

"தண்ணி எப்படி?"

"தேனுங்க!" என்றார்கள், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

அது என்ன மறைப்பு? ராஜாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவர் மாமியாருக்குப் பயந்து யானைக் கொட்டிலில் ஒளிந்த கதையை எடுத்துவிட்டாள். ஊரே குலுங்கிச் சிரித்தது, வாயைப் பொத்திக்கொண்டு. ஒருத்தி மட்டும் பளீரென்று பல் தெரியச் சிரித்தாள்.

"நீ எந்த ஊரம்மா?"

"ஏரிக்கரைங்க. போன தையிலதான் இங்க வாக்கப்பட்டு வந்தேன்."

குமுதவல்லி மற்றவர்களின் கைகளை விலக்கினாள். துருப்பிடித்த ஆணி வரிசை போலப் பற்கள்.

"வெற்றிலைக் கறை!" என்றார் சங்கரலிங்கர்.

"இதோ, இந்த எட்டு வயதுச் சிறுமிக்கும் அதே கறை. இவள் எப்போது ஐயா வெற்றிலை போட்டாள்? மகாராஜா, அடியில் இருக்கும் பாறையிலிருந்து ஏதோ ஊறி வருகிறது. நாக்குக்குத் தெரியாது, முளைக்கிற பல்லுக்குத் தெரியும். புதுக் கிணறு தோண்டினாலும் அதே பாறை, அதே பல்."

"பல்லைப் பிடித்துப் பார்க்க இதென்ன மாட்டுச் சந்தையா? இந்தத் தண்ணீர் அமிர்தம்!"

"அமிர்தமா? சரி. உங்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறானாமே. கிணற்றை அவனுக்கே கொடுத்துவிடலாம். குடித்து வளரட்டும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்ததும் வாயைப் பார்த்துவிட்டு, இளவரசருக்கு மாளிகை கட்டுவோம்."

சங்கரலிங்கர் பதறினார். "ஐயையோ! குழந்தை விஷயத்தில் யாராவது விளையாடுவார்களா?"

ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதைத்தானே ஐயா அவளும் சொல்கிறாள்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

மாளிகை ஏரிக்கரைக்குப் போயிற்று. குமுதவல்லி கேட்ட பரிசாக, ஏரியிலிருந்து கரட்டுப்பாளையத்துக்கு ஒரு வாய்க்கால் வந்தது. அதில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம் சங்கரலிங்கருக்கு. கண்ணெதிரே ஓடியதால், அதில் மட்டும் அவர் தப்பே செய்யவில்லை.