சொல்வல்லி எதிர்த்த ஒப்பந்தம்

ஒரு காட்டில் மரங்கொத்திகள் பொந்து குடைந்தன. கிளிகளும் மைனாக்களும் ஆந்தைகளும் அதில் குடியிருந்தன. மரத்தைக் குடையும் அலகு மரங்கொத்திகளுக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது. ஆகவே முட்டையிடும் காலம் நெருங்கினால் அவர்கள் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும். எனக்குத்தான் முதலில் என்று ஒருத்தி நிற்பாள். கிழக்குப் பார்த்த வாசல்தான் வேண்டும் என்று இன்னொருத்தி அடம்பிடிப்பாள்.

பொந்துக்குக் கூலி கறையான். குடியேறியவர் அந்த மழைக்காலம் முழுக்க மரங்கொத்தியின் குஞ்சுகளுக்குக் கறையான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நாளெல்லாம் மரத்தைக் கொத்திக்கொண்டிருப்பவன் இரை தேடப் போவது எப்போது? அதனால் அப்படி ஒரு வழக்கம்.

காட்டின் ஓரத்தில் ஓர் ஆறு ஓடியது. அக்கரையில் வேறொரு காடு. அங்கே சுரைக்கொடிகள் மண்டிக் கிடந்தன. காய்ந்த சுரைக்காயை அணில்கள் உள்ளே சுரண்டிக் குடுக்கை செய்தன. கிளையில் கட்டித் தொங்கவிட்டால் அதுவும் ஒரு வீடுதான். ஆனால் ஆற்றைக் கடந்து வரும் எந்தப் பொருளுக்கும் துறையில் நீர்நாய்கள் சுங்கம் வாங்கின. சுங்கம் கட்டி இக்கரை ஏறும்போது குடுக்கையின் விலை பொந்தைத் தாண்டிவிடும். யாரும் சீந்தவில்லை. மரங்கொத்திகளின் பிழைப்பு ஓடியது.

அப்படியிருக்கும்போதுதான் அக்கரையிலிருந்து ஒரு நரி தூது வந்தது. இரண்டு காடுகளுக்கும் நடுவே சுங்கமே வேண்டாம், ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம் என்றது. இங்கே கரடிகள் எடுக்கும் தேன் அங்கே தடையில்லாமல் போகும். அங்கே செய்யும் குடுக்கை இங்கே தடையில்லாமல் வரும். முடிவை வனத்தின் அவை எடுக்கட்டும் என்றது.

இந்தச் செய்தி காதில் விழுந்ததும் சொல்வல்லி என்ற இளம் மைனாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பாதி கோபம், பாதி சந்தோஷம். கோபம் நியாயமானது. சந்தோஷம் எதற்கென்றால், எதிர்த்துப் பேச இவ்வளவு பெரிய விஷயம் அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

சொல்வல்லி ஆலமரக் கலாசாலையில் தர்க்கம் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் சூரியன் கிழக்கே உதித்தால், அதில் விவாதத்துக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இரை தேடப் போவாள். போதாததற்கு மைனா வேறு. யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவாள். ஆலமரக் கலாசாலையில் ஒரு மரபு உண்டு. எதிராளியின் வாதத்தை முதலில் எதிராளியைவிட நன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அதை உடைக்க வேண்டும். இதில் சொல்வல்லியை மிஞ்ச அங்கே ஆளில்லை.

அவள் நேராகச் செங்கொண்டையன் வீட்டுக்குப் பறந்தாள். அவள் குடியிருந்த பொந்தை முந்தின வருஷம் குடைந்து கொடுத்த மரங்கொத்தி அவன். ஒப்பந்தம் வந்தால் என்னென்ன ஆகும் என்று அவனுக்கு விளக்க ஆரம்பித்தாள். அவன் பாதியிலேயே தலையாட்டினான்.

"தெரியும் தங்கச்சி. குடுக்கை வந்துட்டா என்னை யாரு கூப்பிடப் போறா? இப்பத்தான் குஞ்சு பொரிச்சிருக்கு. அவைக்கு வந்து நானே அதைச் சொல்லிடலாம்னு பாக்கறேன்."

சொல்வல்லி பதறிப் போனாள். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நரி பெரிய பெரிய வார்த்தையா எடுத்து வீசும். நீங்க திணறிடுவீங்க. பேச்சை என்கிட்ட விடுங்க. நீங்க முன்வரிசையில சோகமா உக்காருங்க, போதும். சரியான இடத்துல நான் உங்களைக் காட்டுவேன்."

"எனக்குச் சோகமா உக்காரத் தெரியாதே."

"சும்மா உக்காருங்கண்ணே. அதுவே அப்படித்தான் இருக்கும்."

அவை கூடியது. யானையார் தலைமை. அந்த அவையில் கைதட்டல் கிடையாது. பிடித்திருந்தால் எல்லாரும் நிலத்தை மிதிப்பார்கள், கால் சிறுத்தவர்கள் சிறகடிப்பார்கள். நாலு பக்கமும் சத்தம் எழுந்துவிட்டால் யானையார் தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறுவார். பிளிறிவிட்டால் முடிவு முடிவுதான். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

முதலில் நரி பேசியது. பரஸ்பர அனுகூலத்தின் அடிப்படையிலான தடையற்ற பண்டப் பரிவர்த்தனை என்று தொடங்கி, அதே வாக்கியத்தில் வெகுநேரம் இருந்தது. முயல்கள் கொட்டாவி விட்டன. இதில் குடுக்கை எங்கே வருகிறது என்று ஓர் எருமை பக்கத்திலிருந்த மானிடம் கேட்டது. மானுக்கும் தெரியவில்லை. ஒரு கரடி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டது. நரி பேசி முடித்தபோது நிலத்தில் ஒரு கால்கூட அசையவில்லை.

புரியாத சங்கதி நமக்கு எதற்கு, விட்டுவிடலாம் என்று யானையார் முனகினார். செங்கொண்டையன் முன்வரிசையில் லேசாக மூச்சு விட்டான்.

அந்த இடத்தில் சொல்வல்லி உட்கார்ந்த கிளையிலேயே உட்கார்ந்திருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். அவள் எழுந்தாள்.

இவ்வளவு மோசமாகச் சொல்லப்பட்ட வாதத்தைத் தோற்கடித்து என்ன பெருமை என்று அவளுக்குத் தோன்றியது. ஒப்பந்தத்தின் தரப்பை முதலில் ஒழுங்காக எடுத்து வைக்கிறேன், பிறகு என் தரப்பைச் சொல்கிறேன் என்று யானையாரிடம் அனுமதி கேட்டாள். அவர் தலையசைத்தார். சொல்வல்லி தொண்டையைச் செருமிக்கொண்டாள். அச்சு அசல் நரியின் குரல் வந்தது.

"பெரியோர்களே, ஒரு கிளியை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு இன்றோ நாளையோ முட்டை. மரங்கொத்தி வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறாள். மழை கொட்டுகிறது. அவள் முறை வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குடுக்கை காலியாகக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. அவளுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் நிற்பது என்ன? ஆறா? ஆறு அல்ல. சுங்கம்."

கிளிகள் விசும்பின. தூங்கிய கரடி விழித்துக்கொண்டது. சொல்வல்லி அதன் பக்கம் திரும்பி, அக்கரையில் தேன் என்ற சொல்லைக் கேட்டாலே குட்டிகள் எப்படி நாக்கைச் சப்புக்கொட்டும் என்று வர்ணித்தாள். கரடியின் கால் தானாக நிலத்தை மிதித்தது.

நரி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. இதெல்லாம் அதற்கே புதிது.

இத்தோடு நிறுத்தியிருந்தாலும் ஒருவேளை தப்பித்திருக்கலாம். ஆனால் சொல்வல்லி எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்லவே! மரங்கொத்திகளின் வேலை என்ன ஆவது என்று யாராவது கேட்டால் நரி என்ன பதில் சொல்லும் என்று யோசித்தாள். நரியிடம் அதற்குப் பதில் இல்லை. சரி, நாமே ஒன்று செய்து கொடுப்போம், அப்புறம் கிழித்துப் போடுவோம் என்று நினைத்தாள்.

"மரங்கொத்திகளைக் கைவிடுவோமா?" என்று நரிக்குரல் தழுதழுத்தது. "மாட்டோம். அவர்களுக்கு நீச்சல் கற்றுத் தருவோம். ஆற்றில் வரும் குடுக்கைகளை அவர்களே கரை சேர்க்கட்டும். பழைய வேலை போனால் என்ன, புது வேலை வருகிறது!"

அவ்வளவுதான். கிழக்கே சத்தம், மேற்கே சத்தம். எருமைகள் மிதித்ததில் புழுதி கிளம்பியது. கிளிகள் சிறகடித்தன. மரங்கொத்திகளை நினைத்துத் தயங்கிய மான்கள்கூட, நீச்சல்தான் சொல்லித் தருகிறார்களே என்று நிம்மதியாக மிதித்தன. யானையார் தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறினார்.

"ஐயா, இருங்க, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்று சொல்வல்லி தன் சொந்தக் குரலில் கத்தினாள். எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். போகிற போக்கில் ஒரு கரடி, ரொம்ப நல்லாப் பேசினேம்மா என்று சொல்லிவிட்டுப் போனது.

செங்கொண்டையன் மட்டும் முன்வரிசையில் இருந்தான். இப்போது சோகமாக உட்கார அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சொல்வல்லி அப்போதும் விடவில்லை. தயார் செய்த மறுப்பு வீணாகக் கூடாது என்று அவனுக்கே முழுதும் பேசிக் காட்டினாள். அக்கரை அணில்களுக்குக் கூலியாகச் சுரண்டிய சுரைக்காய்ச் சக்கைதான் கிடைக்கிறது என்றாள். அவற்றின் பசியில்தான் அந்தக் குடுக்கை மலிகிறது, அதே பசியை ஒப்பந்தம் இங்கேயும் கூட்டி வரும் என்றாள். மலிவாக வாங்குகிறவர் நாளைக்கு என்ன வேலை பார்த்து வாங்குவார் என்று கேட்டாள். எல்லாம் உண்மை. எல்லாம் நல்ல வாதம். செங்கொண்டையன் கடைசி வரை கேட்டான். நல்லாத்தான் இருக்கு என்றான். பிறகு குஞ்சுகளைப் பார்க்கப் போய்விட்டான்.

துறையில் சுங்கம் நின்றது. நீர்நாய்களுக்கு வேலை போயிற்று. கிளைக்குக் கிளை குடுக்கைகள் தொங்கின. குற்றம் சொல்ல முடியாத குடுக்கைகள்தான். மழை உள்ளே இறங்கவில்லை, காற்றுக்கு இதமாக ஆடின. மரங்கொத்திகளின் வாசல் வெறிச்சோடியது. கறையான் கொண்டுவர ஆளில்லை. இரை தேடிப் பழகாத மரங்கொத்திகள் அலைந்து திரிந்து கொண்டுவந்தது குஞ்சுகளின் ஒரு வேளைப் பசிக்கும் போதவில்லை.

நீச்சல் வகுப்பு மட்டும் சொன்னபடி தொடங்கியது. மரங்கொத்திகள் முழங்கால் தண்ணீரில் நின்று சிறகை அடித்துக்கொண்டன. ஒருத்தி ஆற்றோடு போகவிருந்தாள், ஆமை ஒன்று முதுகு கொடுத்துக் கரை சேர்த்தது. தொடக்க விழாவில் நரி, இந்த யோசனையைத் தந்த சொல்வல்லிக்குத் தனியாக நன்றி சொன்னது.

சொல்வல்லி கொதித்தாள். நரியைத் திட்டினாள், அவையைத் திட்டினாள், பாதியில் எழுந்து போன முட்டாள்களைத் திட்டினாள். கலாசாலைத் தோழிகளைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினாள். அதற்கு ஒப்பந்த எதிர்ப்புச் சங்கம் என்று பெயர் வைப்பதா, ஒப்பந்த மறுப்புச் சங்கம் என்று வைப்பதா என்பதில் சங்கம் இரண்டாகப் பிளந்தது. எதிர்ப்புப் பிரிவுக்கு அவளே தலைவி. தினமும் ஒரு குடுக்கையின் மேல் ஏறி நின்று முழங்கினாள். மரக்கிளையைவிடக் குடுக்கையில் குரல் நன்றாக எதிரொலித்தது. உள்ளேயிருந்த கிளிகள் வாசலில் தலையை நீட்டி அவள் கோஷத்தை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, மறுபடி உள்ளே போய் முட்டையின் மேல் படுத்துக்கொண்டன.

ஒரு நாள் காலையில் அவள் முழங்கிக்கொண்டிருக்கும்போது, செங்கொண்டையன் குடும்பம் ஆற்றங்கரையில் நிற்கிறது என்று ஒரு தோழி வந்து சொன்னாள். சொல்வல்லி பறந்து போனாள். அவன் பெண்டாட்டி முன்னால் நின்றாள். இளைத்துப்போன குஞ்சுகள் அப்போதுதான் பறக்கக் கற்றவை, ஆற்றின் அகலத்தைப் பார்த்து மிரண்டுகொண்டிருந்தன.

"அண்ணே, எங்க போறீங்க?"

"அக்கரைக்கு. குடுக்கைக்கு வாசல் போட அலகு வேணுமாம். அணில் பல்லுக்கு வட்டம் சரியா வரலையாம்."

"கூலி?"

"சுரைச் சக்கைதான். புதுசா வர்றவங்களுக்கு அதுலயும் பாதி."

சொல்வல்லிக்கு வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது. "உங்க வேலையைத் தின்ன குடுக்கைக்கே நீங்க வாசல் போடப் போறீங்களா? அதையும் பாதிக் கூலிக்கு? அணில்களுக்கும் இனிமே கூலி குறையும். யோசிச்சுப் பாருங்க, இதுக்குள்ள இருக்கிற முரண்பாடு..."

"தெரியும் தங்கச்சி" என்றான் செங்கொண்டையன். கோபமில்லை. "பிள்ளைங்க பசியில கத்துதுங்க. அதுக்கு மறுப்பு இருக்கா உன்கிட்ட?"

அவன் ஒரு குஞ்சின் சிறகை அலகால் கோதிவிட்டான்.

"அன்னிக்கு அவையில நீ பேசினது எனக்கு மறக்கல. அந்தக் கிளி மழையில நின்னுச்சே, அதுக்கு நானே அழுதுட்டேன். நல்ல பேச்சு. என் பிள்ளைங்களைப் பத்தி அங்க ஏதாவது சொன்னியா?"

சொல்வல்லி தன் பேச்சை முதலிலிருந்து கடைசி வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கிளி இருந்தது. கரடி இருந்தது. தேனுக்கு நாக்கைச் சப்புக்கொட்டிய குட்டிகள்கூட இருந்தன. செங்கொண்டையன் வீட்டுக் குஞ்சுகள் எங்கும் இல்லை.

குஞ்சுகளை நடுவில் விட்டு, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக ஆற்றைக் கடந்து போனார்கள்.

சொல்வல்லி நேராக யானையாரைத் தேடிப் போனாள். அவர் சுனையில் முதுகுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று ஒரு கணம் மனது ஓடியது. பிடித்து நிறுத்தினாள்.

"ஐயா, அவையைக் கூட்டணும். சுங்கத்தைத் திரும்பப் போடணும். மரங்கொத்திகளுக்கு வேலை போச்சு. குஞ்சுகள் பட்டினி. ஒரு குடும்பம் இப்பத்தான் காட்டை விட்டே போகுது."

யானையார் தும்பிக்கையை இறக்கினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடடா. இவ்வளவு தெளிவா அன்னிக்கு அவையில ஒருத்தர்கூடச் சொல்லலையேம்மா. மழை நிக்கட்டும், கூட்டிடலாம். ஆனா ஒண்ணு. இப்படி மனசு மாறினவங்க நாலு பேரையாவது சேர்த்துக் கூட்டிட்டு வா."

"மனசு மாறலீங்க ஐயா. நான் முதல்லேருந்தே ஒப்பந்தத்தை எதிர்த்தவதான்."

யானையார் தண்ணீர் இறைப்பதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு, நீயா?"

நம் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லாமல் எதிராளியின் வாதத்துக்கு அழகு பார்த்துக்கொண்டிருந்தால், யாருக்காகப் பேச எழுந்தோமோ அவர் சோற்றில் நாமே மண்ணள்ளிப் போட்டவர்களாவோம்.