யானையைக் கிட்டே இழுத்த லென்ஸ்

கொன்றைநாடு என்றொரு சின்ன ராஜ்யம். அங்கே ராஜா உண்டு, சிம்மாசனம் உண்டு, கரண்டும் உண்டு. ராஜா இளம்பூபதிக்குத் திடீரென்று படம் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் சாதாரண டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அன்று முதல் சபையில் ஒருவரும் நிம்மதியாகக் கொட்டாவி விட முடியவில்லை.

பகலில் எடுத்த படங்களில் குறையில்லை. விளக்கு வைத்த பிறகு எடுத்தவைதான் வினை. ராணி அங்கயற்கண்ணி குத்துவிளக்கு ஏற்றுவதை ஆசையாக எடுத்தார். படம் அசைந்து கலங்கி, ராணிக்கு மூன்று மூக்கு. ஃபிளாஷ் போட்டு எடுத்தார். மூக்கு ஒன்றாகிவிட்டது, ஆனால் கண் இரண்டும் நெருப்பாக எரிந்தன.

"இதைச் சுவரில் மாட்டினால் நான் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன்," என்றார் ராணி.

ராஜா மறுநாளே சபையைக் கூட்டினார். "கேமராவோடு வந்த லென்ஸ் சரியில்லை. எனக்கு வேறு லென்ஸ் வேண்டும்."

பொக்கிஷதார் தாண்டவமூர்த்தி சட்டென்று எழுந்தார். "என் மைத்துனன் கடையில் பெரிய ஜூம் லென்ஸ் ஒன்று இருக்கிறது மகாராஜா. மலையுச்சியில் மேயும் ஆட்டின் தாடிகூடத் தெரியும். விலைதான் கொஞ்சம் கூடுதல். வடக்குக் கால்வாயைத் தூர் வார வைத்திருக்கும் பணத்தை எடுத்தால் சரியாக இருக்கும்."

ராஜாவின் பேச்சுத்துணையாகச் சபையில் இருந்த கண்ணுடையப்பனுக்குச் சுருக்கென்றது. கால்வாய்ப் பாசனக்காரர்கள் முந்தின நாள்தான் அவரிடம் வந்து, வேலை எப்போது தொடங்கும் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சீக்கிரம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"மகாராஜா, தங்களுக்குத் தொந்தரவு தூரமா, இருட்டா?"

ராஜா யோசித்தார். "ராணி பக்கத்தில்தான் இருக்கிறாள். இருட்டுதான்."

"அப்படியானால் பிரைம் லென்ஸ் போதும். அது ஜூம் ஆகாது. ஆனால் வாய் அகலம். விளக்கு வெளிச்சத்தையே வாரி உள்ளே இழுத்துக்கொள்ளும். விலையும் குறைவு."

"வாங்கி வா, பார்ப்போம்," என்றார் ராஜா.

கண்ணுடையப்பன் கடைத்தெருவுக்குப் போனார். கடைக்காரர் இரண்டு லென்ஸை எடுத்து வைத்தார். ஒன்று முப்பத்தைந்து எம்.எம்., இன்னொன்று ஐம்பது.

"சின்ன வீடு, கூட்டமான குடும்பம் என்றால் முப்பத்தைந்து வாங்குங்கள். ஐம்பதை வைத்துக்கொண்டு சின்ன அறையில் பின்னால் போய்ப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வீர்கள். இடம் இருந்து, முகம் எடுக்க வேண்டுமென்றால் ஐம்பது."

"வீட்டில் இடம் இருக்கிறது," என்றார் கண்ணுடையப்பன், அரண்மனையை நினைத்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் ராணி விளக்கேற்றினார். ராஜா ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தார். படத்தில் ராணியின் முகம் மட்டும் பளிச்சென்று நின்றது. பின்னாலிருந்த கொடியில் காய்ந்த வேட்டிகளெல்லாம் மங்கிப்போய் எதுவென்றே தெரியவில்லை.

"இதை மாட்டுங்கள், பெரிதாகவே மாட்டுங்கள்," என்றார் ராணி.

தாண்டவமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. "தூரத்தில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் மகாராஜா என்ன செய்வாராம்?"

"நாலு எட்டு நடந்து கிட்டே போகலாம்," என்றார் கண்ணுடையப்பன்.

"கேட்டீர்களா மகாராஜா? ராஜாவை நடக்கச் சொல்கிறார். சிம்மாசனத்துக்கே அவமரியாதை."

ராஜாவின் முகம் மாறியது. "ஆமாம், நான் ஏன் நடக்க வேண்டும்? நாளைக் காலையில் நான் படித்துறை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பேன். பட்டத்து யானை மங்களம் அக்கரையில் நிற்கும். நாற்காலியை விட்டு எழாமல், இந்த லென்ஸிலேயே அதன் இமைமயிர் தெரியப் படம் எடுக்க வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பெரிய லென்ஸை வாங்குவேன். அதைச் சுமந்துகொண்டு என் பின்னால் நீ அலைய வேண்டும், கண்ணுடையப்பா."

"பாகன் யானையை ஓட்டி வரக் கூடாது," என்று சேர்த்துக்கொண்டார் தாண்டவமூர்த்தி.

"பாகன் வாயே திறக்க மாட்டான்," என்றார் கண்ணுடையப்பன். சொல்லிவிட்டாரே தவிர, வழி இன்னும் பிடிபடவில்லை. தோற்றால் கால்வாய்க்காரர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

காலையில் ராஜா மண்டபத்தில் கேமராவோடு உட்கார்ந்தார். ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அக்கரையில் மங்களம் சுண்டைக்காய் அளவுக்குத் தெரிந்தது. பாகன் கைகட்டி நின்றான்.

அப்போது ஒரு வண்டி வந்தது. அதிலிருந்த கரும்பை கண்ணுடையப்பன் படிக்கட்டில் இறக்கி வைத்தார். பிறகு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

காற்று அக்கரைப் பக்கம் அடித்தது. மங்களம் துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. ஆற்றில் இறங்கியது. நடந்தது. படியேறியது. ராஜா நாற்காலியோடு ஒட்டிப் பின்னால் சாய வேண்டிய அளவுக்குக் கிட்டே வந்து கரும்பை முறித்தது.

ராஜா படம் எடுத்தார். இமைமயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதில் தொங்கிய நீர்த்துளியும் தெரிந்தது.

"இது மோசடி மகாராஜா," என்றார் தாண்டவமூர்த்தி. "யானையைக் கிட்டே கொண்டுவந்தது கரும்பு. லென்ஸ் என்ன செய்தது?"

ராஜா கண்ணுடையப்பன் பக்கம் திரும்பினார். "கேட்கிறார் அல்லவா, சொல்."

கண்ணுடையப்பன் கைகூப்பினார். "கரும்பு வாங்கக் காசை மிச்சம் வைத்ததே இந்த லென்ஸ்தான் மகாராஜா. பொக்கிஷதார் சொன்னதை வாங்கியிருந்தால் யானைக்கு ஒரு கட்டுப் புல்கூட வாங்க முடியாதே."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கால்வாய் வேலையை அன்றே தொடங்கச் சொன்னார். தாண்டவமூர்த்தியையே அதன் மேற்பார்வைக்கு அனுப்பினார், நடந்து போகச் சொல்லி.

"மிச்சமிருக்கும் கரும்பெல்லாம் உனக்குப் பரிசு," என்றார் கண்ணுடையப்பனிடம்.

கண்ணுடையப்பன் ஒரு கழியை எடுக்கக் குனிந்தார். மங்களம் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"பரிசு கிடைத்துவிட்டது மகாராஜா," என்று நாலு எட்டுப் பின்னால் போனார்.