குடையோடு போனவர் யார்?

முன்னொரு காலத்தில் கருவேலம்பட்டணத்தை மகரவேந்தன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிடச் சந்தேகப்பட்டான் என்று சொல்வதுதான் சரி. யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டான். வெற்றிலையும் அப்படித்தான், வெற்றியும் அப்படித்தான். பட்டத்து யானை தூங்கினால், நிஜமாகத்தான் தூங்குகிறதா என்று ஆள் விட்டுப் பார்ப்பான்.

அந்த நாட்டில் வசந்த விழாவுக்குக் காதல் கதைக்கோவைப் போட்டி நடக்கும். தனித்தனிக் காதல் கதைகள், ஆனால் ஒன்றோடொன்று கோத்திருக்க வேண்டும். ஒரு கதையில் சும்மா வழியில் போகிற ஆள்தான் அடுத்த கதையில் காதலிக்கிற ஆள். அதுதான் விதி. அந்த வருஷம் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அமைச்சர் கூத்தனார். வந்த சுவடிகளையெல்லாம் படித்துவிட்டு, தோணித்துறையில் சோற்றுக்கடை வைத்திருந்த செம்பாயி எழுதிய ஐந்து கதைகளே முதல் என்றார்.

ஆஸ்தான புலவர் விடங்கருக்கு அது பொறுக்கவில்லை. அவரும் ஒரு கோவை எழுதிப் போட்டிக்கு அனுப்பியிருந்தார். நேரே ராஜாவின் காதுக்குப் போனார்.

"மகாராஜா, மூன்றாம் கதையைக் கவனித்தீர்களா? அதில் ஒருத்தி தினமும் பூ வாங்குகிறாள். சூடுவதில்லை. வாடவிடுகிறாள்."

"அதற்கென்ன?"

"மகாராணியும் அப்படித்தான் செய்கிறார்களாம். அரண்மனைக்குள் நடப்பது தோணித்துறைக்கு எப்படித் தெரிந்தது? போகட்டும். ஐந்தாம் கதையின் கடைசி வரி என்ன தெரியுமா? 'குடை பிடித்தபடி ஒருவர் அந்த வழியே போனார்.' இந்த நாட்டில் குடை மரியாதை யாருக்கு உண்டு? தங்களுக்கு. எனக்கு. அப்புறம்..." புலவர் தொண்டையைச் செருமினார். "அமைச்சருக்கு. அவர்தான் இந்தக் கதைக்கு முதல் பரிசு என்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை."

ராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் சபை கூடியது. செம்பாயியைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள்.

"இது மகாராணியின் கதை என்று தெரிந்தால் உன் கட்டைவிரல் போய்விடும். இனி நீ எழுத்தாணி பிடிக்க முடியாது" என்றான் ராஜா.

"சாமி, நான் சொல்றதை..."

"நீ பேசாதே. நீ சொல்வதை நான் நம்பப்போவதில்லை."

கூத்தனார் எழுந்தார். "நான் சொன்னால்?"

"உம்மை இப்போது அதைவிட நம்பவில்லை."

"நல்லது. அப்படியானால் கதையே சொல்லட்டும். ஐந்தாம் கதையில் குடையோடு போனவர் யாரோ, அவர்தானே ஆறாம் கதையில் காதலிக்க வேண்டும்?" என்று சொல்லி, மேலாடைக்குள்ளிருந்து கயிறு சுற்றிய ஒரு சுவடியை எடுத்தார். "இதோ ஆறாவது கட்டு."

செம்பாயி வாயைத் திறந்தாள். அமைச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் மூடிக்கொண்டாள்.

"குடை மூன்று பேருக்குத்தான் உண்டு என்று புலவர் கணக்குச் சொல்லியிருப்பார். மூன்று பேருமே இங்கே இருக்கிறோம். சபையறியப் படித்துவிடலாம். குரல் நன்றாயிருப்பவர் அவர்தான். புலவரே, நீங்களே படியுங்கள்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து சற்றுக் குனிந்தான். "கூத்தனாரே, அதில் நான் இருக்கிறேனா?" என்றான் மெதுவாக.

"படித்தால் தெரிந்துவிடும், மகாராஜா."

விடங்கர் சுவடியை வாங்கினார். முடிச்சில் கை வைத்தார். அவிழ்க்கவில்லை.

"என்ன புலவரே, முடிச்சு இறுக்கமோ?" என்றார் கூத்தனார்.

"இல்லை... படிப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பெண்பிள்ளை துறையில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் தப்பாகப் பார்த்திருக்கிறாள். மேலத்தெரு முத்துவடிவு வீட்டுக்கு நான் போனது அவளுக்கு யாப்பு சொல்லிக்கொடுக்கத்தான்."

படைத்தலைவர் மெல்லப் புலவர் பக்கம் திரும்பினார்.

"முத்துவடிவு என் கொழுந்தியாள்" என்றார்.

"வெண்பா மட்டும்தான்" என்றார் புலவர்.

"அதைப் பிறகு பேசிக்கொள்வோம், ஓய்."

கூத்தனார் சுவடியைத் திரும்ப வாங்கிக் கயிற்றை உருவினார். ஏடுகளை ராஜாவின் முன்னால் விசிறிபோல் விரித்தார். ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. ராஜா ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"காலையில் கடைத்தெருவில் வாங்கியது, மகாராஜா. எழுதாத ஏட்டிலேயே புலவர் தம்மைப் படித்துக்கொண்டார். தாங்களும் கொஞ்சம் தேடினீர்கள். எழுதிய ஏட்டில் மகாராணியைக் கண்டுபிடித்ததில் என்ன ஆச்சரியம்?"

ராஜா ஏட்டைக் கீழே வைத்துவிட்டுச் செம்பாயியைப் பார்த்தான். "அப்படியென்றால் குடையோடு போனவர் யார்?"

"மழை பெஞ்சுது சாமி."

"என்ன?"

"அந்தக் கதையில மழை. அதனால ஒருத்தர் தாழங்குடை பிடிச்சுக்கிட்டுப் போறாரு. துறையில மழைன்னா எல்லாருந்தான் குடை பிடிப்பாங்க. அரமனையில அதுக்கு வேற அர்த்தம் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

"பூ வாங்கிச் சூடாதவள்?"

செம்பாயி கொஞ்சம் தயங்கினாள். "எங்க பக்கம் பாதிப் பேரு அப்படித்தான் சாமி. புருஷன் வருவான்னு வாங்குறது. வரலைன்னா தண்ணி தெளிச்சு வைக்கிறது. இதுக்கு அரமனையை எட்டிப் பாக்கணுமா?"

அதற்குமேல் ராஜா கேட்கவில்லை. முதல் பரிசு செம்பாயிக்கே என்று பறையறையச் சொன்னான். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் தலை நனையாமல் தோணித்துறை வரைக்கும் குடை பிடித்துப் போகும்படி விடங்கருக்கு உத்தரவானது. படைத்தலைவர் துணைக்கு வருவதாகச் சொல்லி, அவர் பின்னாலேயே நடந்தார்.

ராஜா யாரையும் அழைக்காமல் அந்தப்புரத்துக்குப் போனான். போய்ப் பல நாளாகியிருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்த இலையில் பூ இருந்தது. மகாராணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யார் சொல்லி வந்தீர்கள்?" என்றாள்.

ராஜா பூவை எடுத்து நீட்டினான். அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் வாங்கிக்கொண்டாள்.