கதவுக்கு அந்தப் பக்கம்

நாகர்கோவிலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் ஜெசிந்தாவிடம் தொழில் பழக வந்தவர் அவளைவிட இருபது வயது மூத்தவர். பெயர் தாணுமாலயன். ஓய்வு பெறும்வரை பள்ளிப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்தவர். கல்லைக்கூடப் பேச வைப்பார் என்று ஊரில் சொல்வார்கள். அதை அவரும் நம்பிவிட்டார், அதுதான் வம்பு.

அன்றைக்குப் பகவதி தன் மகள் ஆதிராவோடு வந்திருந்தாள். பிள்ளைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. காதில் குறையில்லை, சோதித்துப் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு சொல்கூட வரவில்லை.

"வேற ஒண்ணும் வேண்டாம் டீச்சர். என்னை ஒரு தடவ அம்மான்னு கூப்பிட்டாப் போதும்."

சொல்லிக்கொண்டே பகவதி தண்ணீர்க் குப்பியைத் திறந்து மகளிடம் நீட்டினாள். பிள்ளை தண்ணீர் வேண்டுமென்று கேட்கவே இல்லை. ஆனால் வாங்கிக் குடித்தது.

ஜெசிந்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க. கதவுப் பக்கத்துலயே. பிள்ளை தட்டினா உடனே திறக்கணும்."

பகவதியின் முகம் சுண்டிப்போனது. "நான் இவள விட்டு ஒரு நிமிஷம் நகர்ந்ததில்ல டீச்சர்."

"தெரியுது," என்றாள் ஜெசிந்தா.

கதவு சாத்தியதும் ஆதிரா திரும்பிப் பார்த்தாள். போய் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள்.

தாணுமாலயன் பாய்ந்துபோய்க் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நல்ல வாய்ப்பு என்று அவருக்கு நினைப்பு.

"அம்மான்னு சொல்லு மக்ளே. சொன்னாத்தான் கதவு திறக்கும். எங்க, அ... ம்... மா."

பிள்ளை அவர் வாயைப் பார்த்தது. கையை இறக்கியது. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. அழக்கூட இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

"விடுங்க சார்."

"இன்னும் ஒரு தடவ சொல்லிப் பாக்கேனே."

"வீட்டுல எல்லாரும் அதத்தான் சார் செய்யுதாங்க."

அவர் கையை எடுத்தார். ஜெசிந்தா பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கதவை ஒரு தட்டு தட்டினாள். கதவு திறந்தது, பகவதி எட்டிப் பார்த்தாள். சாத்தச் சொல்லிவிட்டு ஜெசிந்தா மறுபடி தட்டினாள். மறுபடியும் திறந்தது. ஆதிரா கதவைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

அடுத்த முறை ஜெசிந்தா தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். தாணுமாலயனுக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

ஆதிரா எழுந்தாள். கதவைத் தட்டினாள். தட்டும்போது தொண்டையிலிருந்து "ம்" என்று மெல்லிய சத்தம் வந்தது.

கதவு உடனே திறந்தது. பிள்ளை தாயின் காலைக் கட்டிக்கொண்டது.

"அது ஒரு சொல்லே இல்லையே டீச்சர்," என்றார் தாணுமாலயன், குரலைத் தாழ்த்தி. "அதுக்குள்ள திறந்துட்டா அம்மான்னு எப்ப கூப்பிடும்?"

"கூப்பிடாமலே வாறவங்கள எதுக்கு சார் கூப்பிடணும்?"



பகவதி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றதால் அந்த "ம்" அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"என்னைக் கூப்பிட்டாளா டீச்சர்?"

"கூப்பிட்டாளே," என்றாள் ஜெசிந்தா. "கூப்பிட்டதாலதான நீங்க வந்தீங்க."