செம்பி வாங்கிய பரிசல்

காட்டாற்றின் இந்தக் கரையில் செம்பி என்ற மலையணில் இருந்தது. எதிர்க்கரையில் அதன் அக்கா ஆவாரை இருந்தது.

இரண்டும் ஒரே கூட்டில் பிறந்தவை. வளர்ந்த பிறகு ஆளுக்கொரு கரையில் கூடு கட்டிக்கொண்டன. அப்போது அது ஒரு பிரிவாகவே தோன்றவில்லை. கரைக்கு ஒன்றாக இரண்டு பெரிய நீர்மருத மரங்கள் நின்றன. அவற்றின் கிளைகள் ஆற்றுக்கு மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நினைத்தால் செம்பி போகும். நினைத்தால் அக்கா வரும்.

போன மழையில் வந்த வெள்ளம் இந்தக் கரை மரத்தை வேரோடு கொண்டுபோய்விட்டது. மரத்தோடு வழியும் போனது. மலையணிலுக்கு நீந்தத் தெரியாது.

அதன் பிறகு செம்பிக்கு மிஞ்சியது அக்காவின் குரல் மட்டும்தான். விடியும்போது காற்று அடங்கும். அந்த நேரம் பார்த்து அக்கா எதிர்க்கரையிலிருந்து கூப்பிடும். செம்பி பதிலுக்குக் கூப்பிடும். ஆற்றின் இரைச்சலில் சொற்கள் கரைந்துவிடும். குரல் மட்டும் வந்து சேரும். பழம் பறித்தால் பாதியை எடுத்து வைக்கும் பழக்கம் செம்பியை விட்டுப் போகவில்லை. அக்காவுக்கென்று வைத்த பாதி, கிளையிலேயே காய்ந்து கிடக்கும்.

கோடை தொடங்கியபோது ஒருநாள் அக்காவின் குரல் மாறியிருந்தது. தாழ்ந்து, இழுத்து, களைப்போடு வந்தது. செம்பிக்கு உடனே புரிந்துவிட்டது. குட்டி சுமக்கும் அணிலின் குரல் அது. அவற்றின் அம்மாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் கூப்பிட்டது.

"தலைப்பிரசவம். பக்கத்தில் யாருமே இல்லையே" என்று செம்பி தனக்குள் சொல்லிக்கொண்டது. அன்று அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆற்றுத்துறையில் பொன்னாண்டி என்ற கரடி இருந்தது. பழைய பரிசல்களை வாங்கி விற்பது அதன் தொழில். மூங்கில் பிளாச்சுகளை வட்டக் கூடையாகப் பின்னி, அடியில் தார் பூசிய படகுகள் துறையில் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கும். செம்பி அங்கே போய் நின்றது.

"அண்ணே, எதிர்க்கரைக்குப் போக ஒரு சின்னப் பரிசல் வேணும்."

"அங்கே யாரு இருக்கா, தங்கச்சி?"

கேட்டதுதான் தாமதம். மரம் போனது, குரல் மாறியது, சாப்பாடு இறங்காதது என்று செம்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. கேட்கக் கேட்கக் கரடியின் கண்கள் கலங்கின.

"கூடப் பிறந்தவ பிள்ளை பெறப் போறா. நீ இங்கே உட்கார்ந்திருக்கலாமா? உனக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன், வா."

அது காட்டிய பரிசல் பார்க்க அழகாக இருந்தது. உள்ளே கோரைப்பாய் விரித்திருந்தது. அடியில் தார் பளபளத்தது. செம்பி குனிந்து முகர்ந்தது.

"தார் வாசனை இன்னும் போகலையே, அண்ணே?"

"புதுசாப் பூசியிருக்கேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வராது. அதுக்கு நான் பொறுப்பு."

"ஒரு தடவை தண்ணியில இறக்கிப் பார்க்கலாமா?"

"தார் காயாம இறக்கினா வீணாப் போயிடும். நாளைக்குக் காலையில நேரா உங்க அக்கா வீட்டுக்கே விடு" என்றது கரடி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "சோதிச்சுப் பார்க்கிறேன்னு நாளைக் கடத்தாதே. பிரசவம் யாருக்காகவும் காத்திருக்காது, தங்கச்சி."

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. விலையாகக் கரடி கேட்டது செம்பியின் பலாமரத்தில் இந்தப் பருவத்தில் காய்க்கும் பழம் முழுவதும். அந்த மரம்தான் செம்பியின் சோறு. ஆனாலும் பருவம் முடியும் வரை மரத்தைக் கரடியிடம் விட அது சரி என்று தலையாட்டியது.

மறுநாள் காலையில் செம்பி பரிசலைத் தள்ளிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. துடுப்புப் போடப் போட எதிர்க்கரை நெருங்கி வந்தது. மருத மரத்தின் கிளை நுனிக்கு அக்கா வந்துவிட்டது. வயிறு பெருத்திருந்தது. நீண்ட வால் காற்றில் ஆடியது.

"அக்கா, வந்துட்டேன்!" என்று செம்பி கத்தியது.

அப்போது காலடியில் பாய் நனைந்தது. செம்பி பாயைத் தூக்கிப் பார்த்தது. கீழே இரண்டு பிளாச்சுகள் உளுத்து மாவாகக் கிடந்தன. அவற்றைக் கொடியால் இழுத்துக் கட்டி, மேலே தாரை அப்பியிருந்தது. அந்தத் தார் இப்போது பிதுங்கி விலகியது. தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. பரிசல் சாய்ந்தது. நீரோட்டம் அதைச் சுழற்றிப் புறப்பட்ட கரைக்கே இழுத்துக்கொண்டு போனது. அக்கா கிளையிலிருந்து அலறியது செம்பிக்குக் கேட்டது. பிறகு மூக்கிலும் வாயிலும் தண்ணீர்தான்.

கரையில் நாணல் புதரருகே மூக்கையன் என்ற கீரி நின்றிருந்தது. அது பாய்ந்து வந்து பரிசலின் விளிம்பைக் கவ்வி இழுத்தது. செம்பி மணலில் விழுந்து இருமியது. மூச்சு வந்ததும் அழுதது. அழுது முடித்ததும் ஒரு கல்லை எடுத்தது.

"இதை உடைச்சு நொறுக்கினாத்தான் என் மனசு ஆறும்."

"உடைக்காதே" என்றது கீரி. "அப்படியே வை. ஒரு பிளாச்சைக்கூட மாத்தாதே. உடைச்சா, நீ உடைச்சதாலதான் ஓட்டைன்னு அந்தக் கரடி சொல்லிடுவான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கீரி நாணலுக்குள் நுழைந்து மறைந்தது.

செம்பி முதலில் கரடியிடமே போய்க் கேட்டது. "அண்ணே, அடி உளுத்துப் போயிருக்கு. பரிசலை எடுத்துக்கிட்டு என் மரத்தைத் திருப்பிக் கொடுங்க."

கரடி பலாச்சுளையை மென்றுகொண்டே சிரித்தது. "பார்த்துத்தானே வாங்கினே? பழைய பொருள்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். பாறையில மோதிட்டு வந்து என்னைச் சொல்றியா?"

துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செம்பிக்குக் காது சூடாகிவிட்டது. கூட்டுக்குத் திரும்பி வாலால் முகத்தை மூடிக்கொண்டது. ஏமாந்தோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். கிளை நுனியில் நின்ற அக்காவின் உருவம் ஒரு பக்கம். வெட்கத்தைவிட அந்த உருவம் பெரிதாக இருந்தது. விடிந்ததும் செம்பி ஆற்று மணலில் கூடும் மன்றத்துக்குப் போனது.

மன்றத்தின் நடுவர் வயதான ஒரு பெண் காட்டெருமை. அவசரப்படாமல் அசைபோட்டுக்கொண்டே கேட்கும். ஆனால் ஒரு சொல்லையும் தவறவிடாது. செம்பி வழக்கைச் சொன்னது. கரடியை அழைத்தார்கள். கரடி காலை நொண்டிக்கொண்டு வந்தது.

"நகத்துல புண்ணும்மா. ஒரு வாய்தா கொடுங்க."

வாய்தா கிடைத்தது. அடுத்த முறை, தேன் எடுக்கும் காலம் என்று இன்னொரு வாய்தா வாங்கியது. அதற்கும் அடுத்த முறை கரடி வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் செம்பி அந்த ஓட்டைப் பரிசலை மணலில் இழுத்துக்கொண்டு போய், அப்படியே இழுத்துக்கொண்டு திரும்பியது.

இதற்கிடையில் ஒரு விடியலில் அக்காவின் குரல் வரவில்லை. காற்று அடங்கியிருந்தது. ஆறுகூட அன்று கொஞ்சம் மெதுவாகத்தான் இரைந்தது. செம்பி கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டது. எதிர்க்கரை மரம் இலை அசையாமல் நின்றது. குட்டி பிறந்துவிட்டதா? பிறந்து எல்லோரும் நலமா? அக்காவுக்கே ஏதாவது ஆகிவிட்டதா? கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. அடுத்தடுத்த நாளும் குரல் இல்லை. தொண்டை கட்டும் வரை செம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் கட்டிய தொண்டையோடு அது நாணல் புதருக்குப் போனது.

"அண்ணே, நீங்களும் அந்தக் கரடிகிட்ட ஏமாந்தவர்தானே?"

கீரி நாணலை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. "இதே பரிசல்தான்" என்றது. "போன பருவத்துல வாங்கினேன். நடு ஆத்துல கையை விரிச்சுடுச்சு. திருப்பிக் கொண்டுபோனேன். நான்தான் கெடுத்தேன்னு சொல்லிப் பரிசலையும் வாங்கி வெச்சுக்கிட்டான். பாம்பையே பிடிக்கிறவன் ஒரு கரடிகிட்ட ஏமாந்தான்னா ஊரு சிரிக்காதா? வாயை மூடிக்கிட்டேன்."

"நீங்க அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா, நான் இன்னைக்கு என் அக்கா பக்கத்துல இருந்திருப்பேன்."

செம்பி கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கீரிக்குத் தாங்கவில்லை.

அடுத்து மன்றம் கூடியபோது நடுவர் வாய்தா தரவில்லை. ஆள் அனுப்பிக் கரடியை வரவழைத்தது. பரிசலைக் கவிழ்த்து, கொம்பு நுனியால் தாரைச் சுரண்டியது. புதுத் தாருக்குக் கீழே கொடிக்கட்டு தெரிந்தது. கட்டுக்குக் கீழே உளுத்த மூங்கில் பொடியாக உதிர்ந்தது.

"பாறையில மோதினா மூங்கில் முறியும். உளுத்துப் போகாது" என்றது நடுவர். "இது எப்படி?"

"எனக்கே தெரியாதும்மா. வாங்கினபடி வித்தேன்" என்றது கரடி. "அவளும் குனிஞ்சு முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினா."

"ஒரு சொட்டுத் தண்ணி வராது, நான் பொறுப்புன்னு சொன்னியா?"

"வியாபாரத்துல ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே."

"இறக்கிப் பார்க்கணும்னு அவள் கேட்டாளா?"

கரடி தலையைச் சொறிந்தது. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து கீரி முன்னால் வந்தது.

"அம்மா, போன பருவத்துல இதை வாங்கி ஆத்துல மூழ்கினவன் நான்." சிலர் சிரித்தார்கள். கீரி நிறுத்தவில்லை. " அடி உளுத்திருக்குன்னு அவன் கையைப் பிடிச்சே தொட்டுக் காட்டிட்டுத்தான் வந்தேன். அப்போ இந்தக் கொடிக்கட்டு இல்லை. இந்தப் புதுத் தாரும் இல்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. கரடி மணலைப் பார்த்தது.

நடுவர் அசைபோடுவதை நிறுத்தியது. "பழைய பொருளில் குறை இருப்பது குற்றமில்லை. அதைச் சொல்லி விற்றிருந்தால் இந்த வழக்கே இல்லை. தெரிந்த குறையை மூடி, சோதிக்கவும் விடாமல் விற்றதுதான் குற்றம். பரிசலை நீயே எடுத்துக்கொள். பலாமரத்தை இன்றே திருப்பிக் கொடு. தின்ற பழத்துக்கு உன் தோப்பிலிருந்து ஈடு செய். கீரியிடம் வாங்கியதையும் கொடுத்துவிடு. இப்போதே உன் நல்ல பரிசலில் இவளை அக்கரை கொண்டுபோய் விடு."

"அம்மா, நான் இழந்த நாட்கள்?" என்று செம்பி கேட்டது.

நடுவர் அதைப் பார்த்தது. "அதைத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை, மகளே."

கரடி பேசாமல் துடுப்புப் போட்டது. கரை தட்டியதும் செம்பி தாவி மருத மரத்தில் ஏறியது. உச்சிக் கவட்டில் கூடு இருந்தது. அதற்குள் அக்கா இருந்தது. மெலிந்து, மயிர் உதிர்ந்து, உயிரோடு இருந்தது.

"பிரசவத்துல குரல் போயிடுச்சு" என்று காற்றாகப் பேசியது ஆவாரை. "நீ கூப்பிடறது தினமும் கேட்டுச்சு. பதில் சொல்ல முடியலை. நீ ஆத்துல விழுந்தப்பவே போயிட்டேன்னு நினைச்சேன். மறுநாள் விடியல்ல உன் குரல் கேட்டுத்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன்."

செம்பி அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கூட்டின் மூலையில் ஒரு குட்டி இருந்தது. கண் திறந்து, மயிர் முளைத்து, ஓடும் பருவம். செம்பி கையை நீட்டியதும் அது பயந்து அம்மாவின் வாலுக்குள் ஒளிந்துகொண்டது.

"உன் சித்திடா" என்றது அக்கா.

குட்டி வரவில்லை. அதற்குச் சித்தி ஒரு புது ஆள். கண் திறக்காத நாளில் தூக்கி நக்கிவிட வேண்டிய குட்டி அது. செம்பி கையை இழுத்துக்கொண்டு, கூட்டின் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்தது. வெயில் சாய்ந்தது. அக்கா தூங்கிவிட்டது. அதன் பிறகு குட்டி மெல்ல வெளியே வந்து, செம்பியின் முழங்காலை முகர்ந்து பார்த்து, அதன் மேல் தலையை வைத்துக்கொண்டது.

குறையை மறைத்து விற்றவரே வெட்கப்பட வேண்டும். ஏமாந்தவர் வாயை மூடிக்கொள்ளாமல், சான்றைக் காப்பாற்றி வைத்து உடனே நியாயம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அதே ஓட்டைப் பரிசல் இன்னொருவரையும் மூழ்கடிக்கும்.