கொல்லை வழி வந்த அந்தோனியார்

நியாயம் தெரிந்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒரு பதில் சொல்லுங்கள். பிரகாசியம்மாளின் வயிறு பற்றி எரிந்த கதை இது.

எண்ணூறு வருசத்துக்கு முன் வாழ்ந்த பதுவை அந்தோனியாரின் திருப்பண்டம், ஒரு எலும்புத் துணுக்கு, அவள் ஊர்க் கோயிலில் இருந்தது. அதை வைத்திருந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வெள்ளிப் பேழையில். திருவிழாவன்று அதைச் சப்பரத்தில் வைத்து ஊர் சுற்றுவார்கள். கீழத்தெருவுக்குள் மட்டும் சப்பரம் நுழையாது. கேட்டால், தெரு குறுகலாம்!

"தண்ணி லாரி திரும்புது, குப்பை வண்டி திரும்புது. அந்தோனியாருக்கு மட்டும் எடம் பத்தலையா? எங்க சாதிதான்யா உங்களுக்குக் குறுகலாத் தெரியுது!" என்று ஊர்க்கூட்டத்தில் பொரிந்து தள்ளினாள் பிரகாசி. அவள் புருசன் சூசை, பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து சாகக் கிடந்தான். அந்தப் பேழையை ஒரு தரம் முத்தி செய்யவேண்டும், உதடு வைத்து முத்தமிடவேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை.

கோயிலை நடத்தும் பங்குச்சாமியார் எழுந்தார். "இந்த வருசம் திருப்பண்டம் கீழத்தெருவுக்கு வரும். இது என் வாக்கு" என்றார். ஊர்ப் பெரியவர்கள் உர்ரென்று பார்த்தார்கள்.

திருவிழா வந்தது. கீழத்தெரு முழுக்கக் கோலம் போட்டு, மெழுகுதிரியோடு சனம் வாசலில் நின்றது. சப்பரம் தெருமுனைவரை வந்தது. வேட்டுப் போட்டார்கள். அப்படியே மேற்கே திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள், பாவிகள்!

கொஞ்ச நேரத்தில் பிரகாசி வீட்டுக் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், சாமியார் தனியாக நிற்கிறார். அங்கிக்குள் பேழை.

"சத்தம் போடாதேம்மா. சூசை முத்தி செய்யட்டும். யாரும் பார்க்கறதுக்குள்ள நான் போகணும்."

"நீங்க தெருவுக்குல்ல சாமி வாக்குக் குடுத்தீங்க? திருட்டுச் சாமானைக் கொண்டாந்த மாதிரி கொல்லையில வந்து நிக்கிறீங்களே!" படாரென்று கதவைச் சாத்தினாள்.

உள்ளேயிருந்து சூசை முனகினான். "தொறடி பிரகாசி. சாகப்போறவனுக்கு எந்த வாசலா இருந்தா என்ன?"

அவள் தாழ்ப்பாளில் கைவைத்தாள். ஆனாலும் திறக்கவில்லை. சாமியார் வந்த வழியே திரும்பிப் போனார். மறுநாள் சூசை செத்துப்போனான். 'வீம்புக்காரி, புருசன் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டாள்' என்று ஊரே அவளைத் தூற்றியது.

பேழையைக் கொண்டுவந்த சாமியார், திறக்கச் சொன்ன சூசை, திறக்காத பிரகாசி. இந்த மூவரில் தவறு செய்தது யார்?

விடை: சூசை கேட்டது சாகிறவனின் ஆசை, அதில் தவறில்லை. பிரகாசி மறுத்ததிலும் தவறில்லை. வாக்கு அவள் வீட்டுக்கு அல்ல, தெருவுக்கு. கைக்குள் அடங்குகிற பேழைக்குச் சப்பரம் எதற்கு, அகலம் எதற்கு? கதவு சாத்தியதும் சாமியார் நாலு வீடு சுற்றித் தெருவழியே முன்வாசலுக்கு வந்திருந்தால் பிரகாசி ஓடிவந்து திறந்திருப்பாள், சூசையும் முத்தி செய்திருப்பான். வழி தெரியாதவரா அவர்? ஊருக்குப் பயந்தார். பயந்தது அவர், பழியைச் சுமப்பது தாலியறுத்தவள்.