சிப்பி கெடச்ச கிணறு

“பனிதான் சாமி. மல மலயா பனி. அது உருகித்தான் கடல் இம்புட்டுக்கு ஏறிச்சு. பன்னெண்டாயிரம் வருசமா நாம வாழுறது ரெண்டு பனிக்காலத்துக்கு நடுவுல ஒரு இடைவேளை. அவ்வளவுதான்.”

“இடைவேளையா? முறுக்கு விக்கிறாங்களா?”ன்னாரு மடத்துச் சாமி.

தளவாய்க்குச் சிரிப்பு வரல. துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன மனுசன். சாமியவிடப் பத்து வயசு மூத்தவரு. மடத்துக்குச் சீடனா வந்தும் நூலகத்த விடல. படிக்கப் படிக்க, கவலையும் கூடவே வளந்துச்சு.

அந்தக் கடலோரக் குடியிருப்புக்கே மடத்துக் கிணறுதான் குடிதண்ணி. மொதக் கிணறு உப்பாச்சு. ரெண்டாவதும் உப்பாச்சு. இப்போ மேட்டுல மூணாவது வெட்டுறாங்க. இதுவும் இல்லன்னா கோடைக்குள்ள சனம் சட்டி பானையத் தூக்கிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்.

அந்த வேலையத்தான் தளவாய் இப்போ நிறுத்திட்டு வந்திருந்தாரு.

“ஏன்வே நிறுத்துனீரு?”

தளவாய் மடியில இருந்து ஒரு கை சிப்பிய அள்ளித் தரையில கொட்டுனாரு.

“குழிக்குள்ள ஆள் ஒசரத்துக்குக் கீழ கெடக்கு. மேட்டு மேல சிப்பி எப்படி வரும்? கடல் ஒருக்கா இங்கயே வந்து நின்னிருக்கு சாமி. இனியும் வரும். அது வாற எடத்துலயே போய்க் கிணறு வெட்டி என்னத்துக்கு?”

சாமி ஒரு சிப்பிய எடுத்து வெயில்ல திருப்பிப் பாத்தாரு.

“நிறைய கெடக்கோ?”

“ரெண்டு கூடை இருக்கும்.”

“ரெண்டையும் கொண்டாரும்.”

தளவாய் தூக்க முடியாமத் தூக்கிக்கிட்டு வந்தாரு. சாமி அதுக்குள்ள பழைய அடுப்ப இழுத்துப் போட்டு, கரிய ஒரு வரிசை பரப்பியிருந்தாரு. அது மேல சிப்பி. திரும்பக் கரி. திரும்பச் சிப்பி. தீயப் பத்த வச்சு ஊத ஆரம்பிச்சாரு.

“என்ன சாமி பண்ணுதிய?”

“சுண்ணாம்பு. கிணத்துச் சுவத்துக்குப் பூச விலைக்கு வாங்கணுமேன்னு நெனச்சேன். கடலே போட்டுட்டுப் போயிருக்கு.”

“கடல் போட்டத வச்சே கடலத் தடுக்கவா?”

“அது திருப்பிக் கேட்டா அப்போ பேசிக்கிடுவோம்.”

பொகை கண்ணுல ஏறிச்சு. தளவாய் தள்ளி நின்னாரு. கோவம் மட்டும் தள்ளி நிக்கல.

“வெளையாடாதிய. இந்தக் கிணறும் ஒருநாள் உப்பாகும்.”

“ஆகும்.”

“அப்புறம்?”

“நாலாவது வெட்டுவோம்.”

“எங்க?”

“அதுக்கும் மேட்டுல.”

“அங்கயும் கடல் வந்தா?”

சாமி ஊதுறத நிறுத்தல.

மேட்டுல இருந்து பேச்சிகனி சத்தம் போட்டா. நிறுத்தச் சொல்லியும் குழிக்குள்ள வெட்டிக்கிட்டு நிக்கிறது அவ புருசன். “ஏ பெரியவரே! வேலைய நிறுத்துன்னுட்டு எங்க போய்த் தொலைஞ்சீரு? கீழ ஈரம் தட்டுது! கயிறு பிடிக்க ஆளில்ல, வாரும்!”

“கேக்கேன் சாமி. கடல் அங்கயும் வந்தா?”

“வரட்டும்வே. வந்தா அதுக்கும் ஒரு சொம்பு நல்ல தண்ணி குடுப்போம். பாவம், அது குடிச்சே பாத்திருக்காது.”

“வாரீரா இல்லையா?”ன்னு மேட்டுல இருந்து மறுபடியும் சத்தம்.

தளவாய் சாமியப் பாத்தாரு. வேட்டிய மடிச்சுக் கட்டினாரு.

“வாறேன் தாயீ, வாறேன்”ன்னு மேட்டப் பாக்க நடந்தாரு.